தையல்காரர் அளவு, கப்பல்காரர் அளவு

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் இரண்டு விதமாக அளவெடுக்கிறார்கள். மெட்டியாபுரூஸ் சந்துகளில் இஞ்சு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்ட தையல்காரர்கள் தோள், மார்பு, கை நீளம் என்று அளக்கிறார்கள். ராஜ்யத்தை இழந்து 1856-ல் இந்த ஊருக்கு வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, 1887-ல் இறக்கும்வரை வாழ்ந்த பகுதி அது. இன்று அங்கே தையல் மிஷின்களின் ராஜ்யம். சற்றுத் தள்ளி ஹூக்ளி நதிக்கரையில் அரசின் கப்பல் கட்டும் தளம். 1884-ல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960-ல் அரசின் கைக்கு வந்து, 2019-ல் தனது 100-வது போர்க்கப்பலை ஒப்படைத்த இடம். அங்கே நீள அகலத்தோடு விஷயம் முடிவதில்லை. எடை எவ்வளவு என்பது தெரியாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது.

இந்த வித்தியாசம் சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவியை வீண் செலவிலிருந்து காப்பாற்றியது.

தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில் இருக்கிறது. ரயில்வே வேலையாக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்று என் நண்பருடையது. அவர் மகள் விடுமுறைக்கு சிங்கப்பூரில் உள்ள சித்தி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மாமா, அங்கே வேக்போர்டிங் கத்துக்கப் போறேன். சொந்தமா ஒரு போர்டு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றாள். விரைவுப் படகு கயிற்றால் இழுத்துக்கொண்டு போக, அது கிளப்பும் அலையின்மேல் ஒரு பலகையில் நின்றபடி சறுக்குகிற விளையாட்டு. இரண்டு கால்களும் பலகையில் பொருத்திய பூட்டுக்குள் இருக்கும்.

பழைய பலகை ஒன்று மலிவாக வருகிறதாம். நீளம் 126 செ.மீ. "என் உயரம் 5 அடி 1 அங்குலம்தானே, எனக்குச் சின்னதே போதும்" என்றாள்.

கப்பல் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் அப்போது உடன் இருந்தார். வேக்போர்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உயரம் இருக்கட்டும் அம்மா, எடை எவ்வளவு?"

சரியான கேள்வி. வேக்போர்டு வாங்குகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது உயரத்தைத்தான். நின்றிருக்கும் கப்பலை, அது விலக்கிய தண்ணீர் தாங்குகிறது. ஓடும் வேக்போர்டை, அதன் அடிப்பரப்பில் மோதும் தண்ணீர் தூக்குகிறது. கணக்குகள் வேறு, ஆனால் இரண்டிலும் தூக்க வேண்டிய பாரம் எடைதான். ஒல்லியான ஆறடி ஆளுக்குச் சின்னப் பலகை போதும். குண்டான ஐந்தடி ஆளுக்குப் பெரிது வேண்டும்.

பலகையின் பரப்பு குறைந்தால் அந்தப் பாரத்தைத் தூக்க அதிக வேகம் தேவைப்படும். கற்றுக்கொள்பவர்களைப் பொதுவாக மணிக்கு 25 முதல் 30 கி.மீ. வேகத்தில் இழுப்பார்கள். பலகை சின்னதாக இருந்தால் இந்த வேகத்தில் எழுந்து நிற்பது பெரும்பாடு. கை வலிக்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். வேகத்தைக் கூட்டினால் விழும்போது தண்ணீர் சிமெண்ட் தரையாக அறையும். இரண்டு நாள் இப்படி விழுந்தவர், பலகையைக் குறை சொல்ல மாட்டார். 'நமக்கு இது வராது' என்று தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார். தவறான அளவின் உண்மையான நஷ்டம் இதுதான்.

அதற்காக எவ்வளவு பெரிதானாலும் நல்லது என்று அர்த்தமில்லை. 1985-ல் அமெரிக்காவில் டோனி ஃபின் என்பவர் கொண்டுவந்த 'ஸ்கர்ஃபர்' பலகை, அலைச்சறுக்குப் பலகையின் தம்பி மாதிரி இருந்தது. ரொம்பவும் மிதந்ததால், தண்ணீரில் உட்கார்ந்தபடி அதைக் காலுக்கடியில் அமுக்கிப் பிடித்து எழுவதே கஷ்டம். ஹெர்ப் ஓ'பிரையன் அதிகம் மிதக்காத, அச்சில் அழுத்திச் செய்த 'ஹைப்பர்லைட்' பலகையைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்களாலும் சுலபமாக எழ முடிந்தது. மிதமிஞ்சிப் பெரிய பலகை, திருப்பும்போதும் முரண்டு பிடிக்கும்.

கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும். பலகையோடு வரும் பட்டியலே இறுதி. ஆனாலும் ஏறக்குறைய ஒரு கணக்கு உண்டு. 45 கிலோவுக்குக் கீழே என்றால் 125 செ.மீ.க்கும் குறைவான பலகை. 45 முதல் 60 கிலோவரை 125-130. 60 முதல் 75 கிலோவரை 130-136. 75 முதல் 90 கிலோவரை 136-140. அதற்கு மேலே போனால் 140-ம் அதற்கு அதிகமும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், கற்றுக்கொள்பவர் பெரியதை எடுப்பதே புத்திசாலித்தனம். வளரும் பிள்ளைக்கு ஒரு பிடி கூடுதலாகத் தைக்கச் சொல்வோமே, அது மாதிரி. வீட்டில் நாலு பேருக்கு ஒரே பலகை என்றால் அதிக எடை உள்ளவரைப் பார்த்து வாங்க வேண்டும்.

நீளத்துக்கு அடுத்தது வளைவு. பலகையைப் பக்கவாட்டில் பாருங்கள். முனைக்கு முனை ஒரே சீராக வளைந்திருந்தால் ஓட்டம் நிதானமாக இருக்கும். நடுவில் தட்டையாக இருந்து முனைகள் சட்டென்று நிமிர்ந்தால், அது உயரத் தாவுகிறவர்களுக்கு. அடியில் உள்ள சிறு துடுப்புகள் நேராகப் போக உதவும். பூட் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் கால் மரத்துப்போகக் கூடாது. படகுக்குப் பதில் தலைக்கு மேலே ஓடும் கேபிளால் இழுக்கும் இடங்களும் உண்டு. அங்கே பெரும்பாலும் துடுப்பில்லாத, அடிப்பாகம் உறுதியான பலகை. எங்கே கற்கப் போகிறோம் என்று தெரியாமல் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முதல் சில நாள் வாடகைப் பலகையே உத்தமம்.

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அலைச்சறுக்கு பழகியவர்கள் குழம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற பிறகு அந்த விளையாட்டில் பலருக்கும் ஆசை வந்திருக்கிறது. அங்கே புதியவர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளத்துக்கு மெத்தென்ற பலகை தருவார்கள். இழுக்கப் படகு இல்லை. கையால் துழாவிப் போகும்போது பலகைதான் ஆளை மிதக்கவைக்க வேண்டும். வேக்போர்டில் இழுப்பது எஞ்சின். ஆகவே நாலரை அடியே தாராளம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹூக்ளி ஓடுகிறதே, அங்கே பழகலாமே என்றும் அந்தப் பெண் கேட்டாள். கூடவே கூடாது. சரக்குக் கப்பலும் லாஞ்சும் போகும் நதி அது. நீரோட்டமும் கடுமை. கடலின் ஏற்றம் சில நாட்களில் நதியில் சுவராக எழுந்து வரும். வங்காளிகள் அதை 'பான்' என்பார்கள். படகோட்டிகளே அதற்குப் பயப்படுவார்கள். இந்த விளையாட்டுக்கு அமைதியான நீர்ப்பரப்பு, உடம்பில் லைஃப் ஜாக்கெட், படகை ஓட்ட ஒருவர், விழுந்தவரைக் கவனிக்க இன்னொருவர் - இத்தனையும் வேண்டும்.

கதைக்கு வருகிறேன். பெரியவர் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தாள்; சுவரைப் பார்த்தாள். பயிற்சிக்கான படிவத்தில் 55 கிலோ என்று எழுதியிருப்பதாகப் பிறகுதான் தெரிந்தது. அது ப்ளஸ் டூ படித்த காலத்து எடை.

பெரியவர் சிரிக்கவில்லை. "கப்பலில் ஏற்றும் சரக்கைக் குறைத்து எழுதினாலும் தண்ணீருக்கு உண்மை தெரிந்துவிடும்" என்றார். தையல்காரரிடம் எடையைச் சொல்லவே வேண்டாம், டேப் பார்த்துக்கொள்ளும். தண்ணீரிடம் மறைக்க முடியாது.

அவள் படிவத்தைத் திருத்தினாள். மலிவுப் பலகையை வாங்கவில்லை. சிங்கப்பூரில் 135 செ.மீ. வாடகைப் பலகையில் ஏறி, முதல் நாள் நாலாவது முயற்சியில் எழுந்து நின்றாளாம். போனில் குரல் பூரித்துக் கிடந்தது.

இதை எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். எடையை மட்டும் போடக் கூடாது என்றாள். போடவில்லை. மேலே உள்ள கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவும்.