கண்ணாடி போதுமாம்!

"மூளையை ஏமாற்றுங்கள், கை தானாக எழும்." பக்கவாத விழிப்புணர்வுக் கூட்டம் என்று யார் கூட்டினாலும் இந்த வாசகத்தோடு ஒருவர் மேடையேறிவிடுகிறார். நிமிர்த்தி வைத்த கண்ணாடிக்குப் பின்னால் செயலிழந்த கை, முன்னால் நல்ல கை. நல்ல கையை அசைத்தால், முடங்கிய கையே அசைவதுபோல் கண்ணாடியில் தெரியும். மூளை நம்பிவிடுமாம், கை எழுந்துவிடுமாம். கைதட்டல். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கண்டுபிடித்தவர் நம்ம ஊர் வி. எஸ். ராமச்சந்திரன் என்பார்கள். உண்மைதான், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெருமைப்படுவோம். அதனால் யார் கையும் எழாது.

அவர் 1990களில் கண்ணாடிப் பெட்டியை முதலில் வைத்தது கை துண்டிக்கப்பட்டவர்கள் முன்னால். இல்லாத கையில் வலி. கண்ணுக்கு ஒரு கை தெரிந்ததும் சிலருக்கு வலி குறைந்தது. பக்கவாதத்திலோ கை இருக்கிறது, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைதான் சிதைந்திருக்கிறது. எந்தக் கண்ணாடியைப் பார்த்தும் செத்த நரம்பணு உயிர்த்தெழாது.

"பக்கவாதத்துக்கும் பலன் என்று 1999லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது!" வந்தது. பங்கேற்றவர்கள் 9 பேர். டவுன் பஸ் படியில் தொங்குபவர்கள் இதைவிட அதிகம்.

"ஆய்வுகள் நிரூபித்துவிட்டன" என்பார்களே, அங்கேதான் எனக்குக் குஷி. நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து ஓராண்டாவது கடந்த 40 பேர். பாதிப் பேருக்குக் கண்ணாடி. மீதிப் பேருக்கு அதே பயிற்சி, இரண்டு கையையும் நேரே பார்த்தபடி. 6 வாரம், வாரத்தில் 5 நாள், வீட்டிலேயே தினம் ஒரு மணி நேரம். கையசைவை 66 புள்ளிக்கு மதிப்பிடும் ஃபியூகல்-மேயர் அளவுகோலில் கண்ணாடிக்காரர்கள் கூடுதலாகப் பெற்றது சராசரி 3.6. சரி, அதையாவது தக்கவைத்துக்கொண்டார்களா? ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசத்தையே காணோம். பிடியின் வலு, விரல்களின் நுணுக்கம், அன்றாட வேலையில் கையின் உபயோகம் எதிலுமே மாற்றமில்லை. மூளையை ஸ்கேன் செய்தபோது மட்டும் அதன் இயக்கம் பாதிக்கப்பட்ட பக்கத்தை நோக்கிச் சற்றே திரும்பியிருந்தது. மேடைத் திரையில் ஒளிர்வது இந்த வகைப் படம்தான். அதைக் கொண்டு சட்டைப் பொத்தான் போட முடியுமா என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

உடனே 2018ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பை எடுத்து வீசுவார்கள்: 62 ஆய்வுகள், 1982 பேர், பலன் உண்டு. இருக்கட்டும். வழக்கமான பயிற்சியோடு சேர்த்துத் தரும் துணைச் சிகிச்சையாகத்தானே அது பரிந்துரைக்கிறது? அரை மணி சேர்த்துச் செய்யட்டும், யார் தடுத்தார்கள்? நம் வீடுகளில் நடப்பது வேறு. நேற்றுவரை புறா ரத்தம் தேய்த்த கைக்கு இன்று முகம் பார்க்கும் கண்ணாடி. பிசியோதெரபிஸ்ட் வருவதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள்.

கடைசியாக, செலவே இல்லையாம். கண்ணாடி மலிவுதான். ஆனால் வாரக்கணக்கில் தினமும் நோயாளி அதிலிருந்து பார்வையை எடுக்காமல் உட்கார வேண்டும். சாய்ந்தால் நிமிர்த்த, கவனம் சிதறினால் கூப்பிட, பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, இல்லையென்றால் மருமகள். அவர்களுடைய நேரத்துக்கு மேடைக்காரரின் கணக்கில் விலையே கிடையாது.