பதினைந்து பார் மயக்கம்

கல்யாண மண்டபத்தில் பாலை நீராவியால் நுரைக்கவைத்து, இன்ஸ்டன்ட் தூளைக் கரைத்துத் தந்ததையே எஸ்பிரஸ்ஸோ என்று நாம் நெடுங்காலம் நம்பினோம். இன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீட்டுக்கு முதன்முதலாக எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் வாங்க முனைபவர், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட '15 பார்', '20 பார்' என்னும் எண்ணை நம்புகிறார். மயக்கம் பழையதுதான்.

அந்த எண் பம்பின் உச்சத் திறன். தூளின்மீது வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 9 பார். 18 கிராம் தூளிலிருந்து 25, 30 வினாடியில் சுமார் 36 கிராம் டிகாஷன் இறங்கவேண்டும். அதைத் தீர்மானிப்பது அரைப்பின் நுண்மை. ஃபில்டருக்கென்று கடையில் அரைத்துத் தரும் தூளில் வெந்நீர் விரைந்தோடிவிடும். சிக்கரி மிகுந்தால் ஊறி அடைத்துக்கொள்ளும். இக்குறையை மறைக்கவே மலிவு இயந்திரங்களில், வெளியடியில் ஒரே துளை கொண்ட இரட்டையடிச் சல்லடை. எத்தூளுக்கும் அது பொய்நுரை தரும்.

எங்கள் கட்சி இது: சாதாரணச் சல்லடையும் பொருந்தும் சிறு இயந்திரம் போதும், மிச்சப் பணம் நல்ல கையரவை இயந்திரத்துக்கும் புதிதாக வறுத்த கொட்டைக்கும் போகட்டும். இதற்கு இயலாதவர் பித்தளை ஃபில்டரோடு இருப்பதில் இழுக்கில்லை. அது எண் காட்டி யாரையும் ஏமாற்றியதில்லை.