'கேடி'யும் '420'-ம்

தொண்டிக் கடைத்தெருவில் எடையைக் குறைத்து ஏமாற்றுகிறவனை என்ன சொல்லித் திட்டுவார்கள்? "கேடி" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "420" என்பார்கள். இரண்டும் இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சரக்கு!

பழைய குற்றவாளிகளுக்குப் போலீசார் இட்ட பெயர் 'நோன் டெப்ரடேட்டர்'. அதன் முதல் எழுத்துக்கள் 'கே.டி.' நம் 'கேடு' பக்கத்திலேயே இருந்ததால், கேடி தமிழோடு ஒட்டிக்கொண்டது.

ஏமாற்றிப் பொருள் பறிப்பவனுக்கு 7 ஆண்டு வரை சிறை என்றது, 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய்விட்டது. இப்போது மோசடிக்கு 318-வது பிரிவு. ஆனாலும் 420 மட்டும் வாயை விட்டுப் போகவில்லை!

இரண்டுமே ஒருவன் செய்த காரியத்தைப் பார்த்துப் பிறந்த சொற்கள். வெள்ளைக்காரன் சூட்டிய இன்னொரு பெயர் அப்படி அல்ல. அதுதான் "குற்றப் பரம்பரை". 1871-ல் வடக்கே பிறந்த அந்தச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இதே ராமநாதபுரம் சீமையில், ஒரு தப்பும் செய்யாதவர்களும் கைரேகை வைத்தார்கள். பிறந்ததே குற்றமாம்! 1947-ல்தான் சென்னை சர்க்கார் அதை ஒழித்தது.

ஏமாற்றுகிறவனை ஏமாற்றுக்காரன் என்றே சொல்லுங்கள். ஆனால், அவன் ஊரையும் சாதியையும் சேர்த்துத் திட்டாதீர்கள். எடையைக் குறைத்தது ஒருவன் கை. அந்தக் கையை மட்டும் பிடியுங்கள்!