கல்லறைக்கு மண் வேண்டும்

“சீனர்களைப் பாருங்கள்! கடல் கடந்து போனாலும் மூதாதையரை மறக்கிறார்களா? நம்மவர்களோ பாட்டன் பெயரையே தொலைத்துவிட்டார்கள்” என்று உபதேசம் செய்யும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் விரல் நீள்வது பெரும்பாலும் மலையகத்தாரை நோக்கித்தான்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஏப்ரல் தொடக்கத்தில், ‘சிங்மிங்’ நாளில், சீனர் குடும்பத்தோடு இடுகாடு சென்று, புல் செதுக்கி, கல்லைக் கழுவி, உணவு படைத்து, ஊதுபத்தி ஏற்றுகின்றனர். அழகிய வழக்கந்தான். ஆனால் அக்கல்லில் என்ன பொறித்திருக்கிறது? இறந்தவர் பெயர், பல கற்களில் அவர் விட்டுவந்த சீனத்து ஊரின் பெயரும். அத்தகைய மயானங்கள் பலவற்றுக்கு நிலம் தேடிக்கொடுத்தவை அவர்களுடைய ஊர்ச் சங்கங்களும் குலச் சங்கங்களும். பக்திக்கு முன்னே பத்திரம் இருந்தது!

மன்னார்க் கரைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதி, வயிற்றுளைச்சல், பசி. விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடந்தான். 1841 முதல் 1848 வரை 70,000 பேர் மாண்டதாக 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்குச் சொல்லிற்று. மிகையென்று வாதிடும் வரலாற்றாளரும் உளர். பாதியென்றே வைத்துக்கொள்வோம், எத்தனை பேருக்குக் கல் நட்டார்கள்? நவம்பர் 2இல் மன்னார்க் கத்தோலிக்கர் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். வழியில் மாண்ட அந்தக் கூலிகளுக்கு எங்கே ஏற்றுவது?

மலையை எட்டியவர்கள் தோட்டத்து மண்ணில் புதையுண்டார்கள். 1948இல் அவர்களுடைய சந்ததியின் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. போனவர்கள் அதே தலைமன்னாரில்தான் கப்பலேறினார்கள். தகரப்பெட்டியைத் தூக்கிச் செல்லலாம். தாயின் புதைகுழியைத் தூக்கிச் செல்ல முடியுமா? இவர்களையா மறதிக்காரர் என்பது?

2023 ஜூலை 28இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். புல் செதுக்கக் கல்லறை இல்லாதவர்கள் பாதை முழுவதையுமே கல்லறையாகக் கொண்டார்கள். சிங்மிங்குக்கு இது எந்த வகையில் குறைந்தது?

இருநூறாண்டு விழா மேடைகளில் பாராட்டுக்குக் குறைவில்லை. பாராட்டுக்குச் செலவும் இல்லை. நடந்தவர்கள் கேட்டவற்றுள் காணியுரிமையும் ஒன்று. இன்றும் லயத்துக் குடும்பங்கள் பலவற்றின் கையில் குடியிருக்கும் வீட்டுக்கே உறுதி இல்லை. வாழ்வோருக்கு வீட்டுக் காணியையும், இறந்தோருக்குத் தோட்டத்து இடுகாட்டையும் முதலில் எழுதிக் கொடுக்கட்டும். சீனரைப் பற்றிய உபதேசத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.