ஏற்றியவர் யார்? ஏச்சு யாருக்கு?

மயிலிறகே ஆனாலும், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். மயிலிறகுக்கே அந்தக் கதியென்றால் ஜல்லிக்கும் நிலக்கரிக்கும் என்ன கதி? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

பத்துச் சக்கர லாரி, சரக்கோடு சேர்த்து 25 டன் இருக்கலாம் என்றிருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 28.5 டன் ஆக்கியது. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. பாரம் ஏறியது, பாதையின் பலம் ஏறிற்றா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் சாலையைச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்று கண்டார்கள். அந்தக் கணக்கின்படி, 10.2 டன் 11.5 ஆனாலே சேதம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். சட்டம் அனுமதித்த பாரத்துக்கே இந்த நிலை. அதையும் மீறி ஏற்றினால்? திருவேட்டக்குடி போன்ற கடலோரச் சிற்றூர்களிலே வண்டலும் மணலுமே சாலைக்கு அடித்தளம். மழைநீர் ஊறிவிட்டால் அது தாங்குமா? அளவை நிர்ணயிப்பது டில்லி. பள்ளத்தில் விழுவது நம் ஊர் சைக்கிள்காரன்!

ஒரு காலத்திலே சில மாநிலங்கள், "பணம் கட்டு, அட்டை வாங்கு, அதிக பாரம் ஏற்று" என்றன. தங்க அட்டை என்று அதற்குப் பெயர்! 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு புறப்படுவதும் கூடாது, மிகுதியை இறக்கியாக வேண்டும் என்றது. 2019இல் திருத்தப்பட்ட சட்டமும் அதையே சொல்கிறது. அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இறக்கும் செலவு தனி.

யார் தலையில் விழுகிறது இது? ஸ்டியரிங் பிடித்தவன் தலையில்! ஏற்று என்றவர் நிழலிலே, ஓட்டியவன் நடுரோட்டிலே! பிரேக் பிடிக்காமற் போனால் உயிரும் அவனுடையதே. ஆனால் சட்டம் ஓட்டியவனை மட்டுமா சொல்கிறது? ஓட்டச் செய்தவரையும், ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. உரிமையாளருக்குத் தெரிந்தோ, அவர் உத்தரவின் பேரிலோதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம் என்று 113ஆம் பிரிவு கூறுகிறது. ஏட்டிலே இருக்கிறது, எடுத்து நீட்டத்தான் ஆளில்லை!

"வாடகை கட்டுபடியாகவில்லை, அதனால்தான் ஏற்றுகிறோம்" என்பார்கள். ஐயா, இரண்டு லாரிச் சரக்கை ஒரே லாரியில் அடைத்தால் வாடகை உயருமா, விழுமா? ஒருவர் மீறினால், நேர்மையாக ஓட்டுபவரும் மீறினால்தான் பிழைக்கலாம் என்றாகிறது. ஆதாயம் சரக்குக்காரருக்கு மட்டுமே!

ஆகவே நாம் கேட்பது இதுதான். வழியில் மறித்து எடை போடுவதற்கு முன், ஏற்றுமிடத்திலேயே எடை போடு! துறைமுகமோ, குவாரியோ, கிடங்கோ, வாசலைத் தாண்டுமுன் எடைச்சீட்டு கொடு! மிகுதியை அங்கேயே இறக்கு! மீறினால் வழக்கை ஏற்றச் சொன்னவர் மீதும் போடு!

சக்கரத்தைச் சுழற்றுபவன் தொழிலாளி. அவன் தோளிலே முதலாளியின் குற்றத்தையும் ஏற்றாதீர்கள். அதுவும் அதிக பாரம்தான்!