காட்டுக்குப் போக ஆயிரம் வெள்ளி வேண்டுமா?

பல்கலைக்கழக மலையேறும் கழகங்கள் பயணத்துக்கு முன் அனுப்பும் பொருள் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்களா? 65 லிட்டர் முதுகுப்பை, மலையேறும் பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக், காற்றடைத்த படுக்கை, இருவர் கூடாரம், ஆளுக்கொரு அடுப்பு என்று இரண்டு பக்கம் நீளும். எல்லாவற்றையும் பேரங்காடியில் புதிதாக வாங்கினால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். கல்விக் கடனில் மாதத்தை ஓட்டும் மாணவர் அதைப் பார்த்ததும் "எனக்கு வேலை இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்கிறார். என் வகுப்புத் தோழி ஒருத்தி குனோங் தாஹான் பயணத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டபோது சொன்ன காரணம் பரீட்சை. உண்மைக் காரணம் பூட்ஸின் விலை.

பணம் மட்டும் பிரச்சினை என்றால் இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். அந்தப் பட்டியலின் எடையை என்ன செய்வது? உணவும் தண்ணீரும் சேர்ந்தால் பை எளிதில் 15 கிலோவைத் தொடும். 75 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 45 கிலோ மாணவிக்கு மூன்றில் ஒரு பங்கு. தாஹான் 2,187 மீட்டர் உயரம். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம். அங்கே போக நாள் கணக்கில் நடக்க வேண்டும். இரண்டாம் நாளே ஒருவர் பின்தங்கினால் "உடல் வலு போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பையைத் திறந்து பார்ப்பதில்லை.

குறைந்த எடையோடு நடப்பவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகிய தீர்ந்துபோகும் பொருள்களைக் கழித்துவிட்டு மீதியை நிறுத்துப் பார்ப்பார்கள். இது அடிப்படை எடை. 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு, 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு என்பது அமெரிக்க நடையர்களின் வழக்கு. அவர்கள் குளிரையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நமது தாழ்நிலக் காடுகளில் இரவுகூட வெதுவெதுப்பாகவே இருக்கும். நம் எதிரி குளிரன்று, ஈரம். ஆகவே இந்தக் கணக்கில் நமக்குத்தான் சலுகை அதிகம். ஆனாலும் குளிர்நாட்டுப் பட்டியலை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இலகுவாக நடப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, கிராம் குறையக் குறைய விலை ஏறும் என்பார்கள். கடையில் அது உண்மைதான். ஆனால் 1955-ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கையால் தைத்த துணிப்பை, போர்வை, மழைக்கோட்டு, கூரைக்குப் பதிலாகக் குளியலறைத் திரை, காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. கூடாரமும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது. 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியும் பாசமுமாக அழைக்கப்படும் கருப்பு ரப்பர் காலணி. தோட்டப்புறங்களில் பால் வெட்டப் போனவர்கள் அணிந்தது. பட்டணத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு அதைப் போட்டுக்கொண்டு கழகப் படத்தில் நிற்க வெட்கம். ஆனால் மலை வழிகாட்டிகளின் கால்களைப் பாருங்கள், பலர் அணிந்திருப்பது அதைத்தான். ஒரே வார்ப்பாக வருவதால் தண்ணீரை உறிஞ்சாது. அடியிலுள்ள குமிழ்கள் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். தோல் பூட்ஸ் முதல் ஆற்றிலேயே நனைந்து, பயணம் முடியும்வரை காயாமல் கனக்கும். காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பூட்டும். ரப்பர் காலணியின் அடிப்பகுதி மெல்லியது, பாதத்துக்கு மெத்தை கிடையாது. தடித்த காலுறை இல்லாவிட்டால் கொப்புளம் நிச்சயம். ஆனாலும் விலை இருபது வெள்ளிக்குள் அடங்கும்.

உடை விஷயத்தில் செலவே இல்லை. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த பாலியஸ்டர் ஜெர்சி எல்லோரிடமும் இருக்கும். அது உடம்பிலேயே காய்ந்துவிடும். நடக்க ஒன்று, தூங்க ஒன்று, இரண்டு செட் போதும். தூங்கும் செட்டைப் பகலில் தொடவே கூடாது. பைக்கு உள்ளே பெரிய கருப்புக் குப்பைப் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்தால், ஆற்றில் விழுந்தாலும் நனையாது. வெளியே மாட்டும் மழையுறை இந்த வேலையைச் செய்யாது. தாழ்நில முகாமில் ஒரு கைலியே போர்வை, துண்டு, உடைமாற்றும் மறைப்பு. தாஹான் உச்சிப் பக்கம் இரவில் குளிரும், அங்கே மட்டும் கம்பளிச் சட்டை தேவை. மலிவான இருவர் கூடாரம் மூன்று கிலோ வரை இருக்கும், நால்வருக்கு இரண்டு வேண்டும். ஒரு ஃப்ளைஷீட்டைக் கயிற்றில் கட்டினால் நால்வருமே அதன் கீழ் படுக்கலாம். கொசுவலையும் தரைவிரிப்பும் சேர்த்தாலும் எடை பாதிகூட வராது.

சாப்பாட்டில்தான் நாம் அதிகம் சுமக்கிறோம். முழு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, 425 கிராம் சார்டின் டின்கள். முட்டைத் தட்டோடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். காய்கறியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், டின்னின் தகரத்தையோ திரும்பச் சுமந்து இறக்க வேண்டும். வறுத்த நெத்திலி, பருப்புப்பொடி, ரசப்பொடி, அவல், சத்துமாவு எல்லாம் நம் வீட்டு அடுக்களையில் இருப்பவை. அவலுக்கு அடுப்பே வேண்டாம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அடுத்த ஓடை எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு நிரப்பினால் போதும், நான்கு லிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடைகளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆனால் தெளிவாக இருக்கிறது என்று அப்படியே குடிக்கக் கூடாது. எலிச் சிறுநீர் நோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

"இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் காட்டில் மாட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தலைவிளக்கு, விசில், முதலுதவி, லைட்டர், ஒரு நாள் கூடுதல் உணவு, காய்ந்த உடை இவற்றில் கை வைக்கவே கூடாது என்பதுதான் என் கருத்தும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மீதி எடையால் பாதுகாப்பு கூடுவதில்லை. கனத்த பையோடு இறங்கும்போது முழங்கால் தளர்கிறது, கால் வழுக்குகிறது, முகாமைச் சேர இருட்டிவிடுகிறது. மரங்களுக்கு அடியில் ஆறரை மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். மேலே எங்கோ பெய்த மழையால் ஆறு திடீரென்று பொங்கி வரும் 'கெப்பாலா ஆயர்' வந்தால் எந்த விலையுயர்ந்த கூடாரமும் காப்பாற்றாது. ஆற்றோரம் கூடாரம் போடாத அறிவும், அனுமதியும், வழிகாட்டியும்தான் காப்பாற்றும்.

ஆகவே கழகங்கள் பட்டியலை மாற்றி எழுத வேண்டும். கடைப் பெயர்களுக்குப் பதிலாகப் பொருளுக்குப் பக்கத்தில் கிராம் கணக்கைப் போடுங்கள். பையின் எடைக்கு உச்சவரம்பு வையுங்கள், அதுவும் ஆளின் உடல் எடையைப் பார்த்து. சட்டைக்கும் கொடிக்கும் செலவிடும் கழக நிதியில் நான்கு ஃப்ளைஷீட்டும் மூன்று பானையும் இரண்டு அடுப்பும் வாங்கினால், வருடா வருடம் வரும் புதிய மாணவர்களுக்கு இரவல் கொடுக்கலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் பையோடு வந்து, பயணப் பெட்டி நிறுக்கும் தராசில் மாட்டிப் பார்க்கட்டும். முதலில் கழகத் தலைவரின் பையை மாட்டுங்கள்.