நாகமணியும் மரக்கட்டை அச்சும்

மீகாமன் கதை யாழ்ப்பாணத் தீவுகளின் பெருமைமிக்க கடற்கதை. கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி தேடி அவள் தந்தை மாநாய்கன் அனுப்பிய மரக்கலத்தை மீகாமன் செலுத்தி வர, நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் கடலில் மறித்துப் போரிடுகிறான். கண்ணகி வழக்குரை என்னும் நூல் இதை விரிவாகப் பாடுகிறது. நெடுந்தீவுக் கரையில் சரிந்து கிடக்கும் முருகைக்கற்களை ஊரார் இன்றும் வெடியரசன் கோட்டை என்றே காட்டுவார்கள். நயினாதீவுக் கதையிலோ, அம்மனுக்குப் பூவைக் கவ்விக்கொண்டு புளியந்தீவிலிருந்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் அதை மீட்டான். நாகமும் கருடனும் தங்கியதாகச் சொல்லப்படும் கற்கள் கடலில் இருக்கின்றன.

கடலடி மணியைப் பற்றிய கதை ஜப்பானிலும் உண்டு. தாமாதோரி என்ற சுழியோடிப் பெண் கடல்நாக அரசனின் மாளிகையில் புகுந்து மணியைக் கவர்கிறாள். துரத்தல் நெருங்கவே தன் மார்பைக் கீறி அதற்குள் மணியை ஒளித்து, கரை சேர்ந்து உயிர் விடுகிறாள். மரக்கட்டை அச்சு ஓவியர் உத்தாகவா குனியோஷி இதைப் பலமுறை வரைந்தார். கையில் கத்தி, அலையில் விரிந்த கூந்தல், பின்னால் வாய் பிளந்து வரும் கடல்நாகம். ஓவியர் வரைய, செதுக்குநர் செர்ரிப் பலகையில் வெட்ட, நிறத்துக்கொரு பலகையாக அச்சிடுநர் ஒற்றியெடுக்க, பதிப்பாளர் மலிவாக விற்றார். நடிகர், கணிகையர் படங்களை 1842இல் அரசு தடுத்தபோது ஓவியர்கள் பழங்கதைகளையும் வீரர்களையும் மேலும் நாடினர். அரண்மனை இடிபாட்டுக்குள் எட்டிப்பார்க்கும் குனியோஷியின் மாபெரும் எலும்புக்கூடு 1844 அளவில் வந்தது. இன்னொரு ஓவியரான ஹொகுசாய் அதற்கு முன்பே, 1825இன் நாடகமொன்றில் வந்த ஓய்வாவின் ஆவியைக் கிழிந்த காகித விளக்காக வரைந்திருந்தார். ஜப்பானியப் பேய்களின் முகத்தை உலகமே அறிந்திருப்பது இத்தகைய தாள்களால்தான்.

தீவுக் கதைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் இல்லாமலில்லை. ஆறுமுக நாவலர் 1849இலேயே வண்ணார்பண்ணையில் ஒன்றை நிறுவினார். ஆனால் சமயநூலும் பாடநூலுமே அங்கு முதன்மை பெற்றன. கண்ணகியைச் சமணப் பெண்ணென்று கூறி அவ்வழிபாட்டை நாவலர் கண்டித்தார். பின்னாளில் புங்குடுதீவு உட்படப் பல ஊர்களில் கண்ணகை அம்மன் இராஜராஜேஸ்வரி ஆனாள். கண்ணகியோடு சேர்ந்தே வாழ்ந்த மீகாமன் கதையும் ஒதுங்கியது. இது பெரிய இழப்பு. சென்னையின் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் விக்கிரமாதித்தனுக்கும் நல்லதங்காளுக்கும் படங்கள் வந்தன. வெடியரசன் பெரும்பாலும் ஏட்டிலும் வாய்மொழியிலும் நின்றான். மரம் செதுக்கும் கை இங்கு இல்லாததால் அல்ல: தேரும் நாகவாகனமும் செதுக்கிய ஆசாரிமார் இருந்தார்கள். அந்த உளியை அச்சுக்கூடம் அழைக்கவில்லை. அழைப்பதற்கு இன்றும் தடையில்லை. முதற்பலகையில் மீகாமனின் மரக்கலத்தையே வெட்டலாம்.